ஒரு பிடி கடலடிச் சேற்றில் பேரழிவைப் படிப்பது எப்படி?

கடலடிச் சேற்றில் கிடைக்கும் ஓடுகள் எல்லாம் கடலடியில் வாழ்ந்தவை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது மண்டையில் ஏறாமல் நான் சில மாதங்களை வீணடித்திருக்கிறேன். ஒரு சிட்டிகை சேற்றைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் நூற்றுக்கணக்கில் ஓடுகள் தெரியும். ஆழ்கடல் சேறு என்றால் அவற்றில் பெரும்பாலானவை மேலே வெயில் படும் நீரில் மிதந்து வாழ்ந்து, செத்த பிறகு கீழே விழுந்தவை. கொஞ்சம் பேர்தான் அந்தச் சேற்றின் மேலும் உள்ளேயும் குடியிருந்தவர்கள். புதைந்தது ஒரே இடம், ஊர் வேறு. பேரழிவு எல்லை ஒன்றை, அதாவது உயிரினங்கள் கூட்டமாக அழிந்த காலத்தைக் காட்டும் அடுக்கை, படிக்கும்போது எத்தனை இனம் செத்தது என்று எண்ணுவதற்கு முன்னால், செத்தது எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பழகுங்கள். மீதி எல்லாம் அதன் பின்னால் வரும்.

இது புவியியல் இப்போதுதான் படிக்கத் தொடங்கியவர்களுக்கும், பட்டம் எதுவும் இல்லாமல் வெறும் ஆர்வத்தில் வருபவர்களுக்கும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எல்லையை எடுத்துக்கொள்கிறேன். கிரெட்டேசியஸ் காலம் முடிந்து பேலியோஜீன் தொடங்கும் இடம், டைனோசர்கள் காணாமல் போன அதே எல்லை. வேலை செய்யும் முறை மற்ற எல்லைகளுக்கும் கிட்டத்தட்ட இதேதான்.

ஆட்களை அடையாளம் தெரிந்துகொள்வது

நுண்புதைபடிவம் என்பது பல வகை உயிரிகளுக்கு ஒரு பொதுப்பெயர். காக்கோலித்து என்னும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள சுண்ணாம்புத் தகடுகள், சிலிக்காவால் ஆன ரேடியோலேரியா, டைனோஃபிளாஜெல்லேட்டுகளின் உறைகள், ஆஸ்ட்ரகோடு என்னும் குட்டி ஓட்டுமீன்கள் என்று பட்டியல் நீளும். நீங்கள் ஃபோராமினிஃபெராவில் ஆரம்பியுங்கள். சுருக்கமாக ஃபோராம். ஒற்றைச் செல் உயிரி, ஆனால் அறை அறையாகக் கட்டிய ஓடு உண்டு, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டில். பொதுவாக 0.1 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருப்பதால் சாதாரண இருகண் நுண்ணோக்கியே போதும். அதைவிட முக்கியமான காரணம், மேலே மிதக்கும் வகையும் அடியில் வாழும் வகையும் இந்த ஒரே கூட்டத்தில் இருப்பது. நான் இவற்றை மிதவைகள், அடிவாசிகள் என்று அழைக்கப்போகிறேன்.

மிதவைகள் ஊதிய பலூன்களை ஒட்டி வைத்தது போல உருண்டையாக, துளைகளோடு, மெல்லிய சுவரோடு இருக்கும். அடிவாசிகளிடம் வகைவகையான வடிவங்கள். லென்டிகுலினா மைசூர்ப் பருப்பு மாதிரி இருபுறமும் புடைத்தது (பெயரே அந்தப் பருப்பிலிருந்து வந்ததுதான்), நோடோசேரியா கோத்த மணிச்சரம் மாதிரி. சிலது சொந்தமாகச் சுண்ணாம்பு சுரக்காமல் மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டியே வீடு கட்டியிருக்கும். இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும்.

ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் விழுவார்கள். ஹெட்டிரோஹெலிக்ஸ் என்றொரு கிரெட்டேசியஸ் மிதவை, இரண்டு வரிசை அறைகள் மாறி மாறி ஏறி, தலைமுடியைப் பின்னியது போல இருக்கும். பொலிவினா என்றொரு அடிவாசியும் அதே பின்னல்தான். முதல் முறை பார்த்தால் அண்ணன் தம்பி என்றே நினைப்பீர்கள். ஓட்டைத் தூரிகை நுனியால் திருப்பி வாய்ப்பக்கம் பாருங்கள். ஹெட்டிரோஹெலிக்ஸின் அறைகள் உருண்டு நிற்கும், கடைசி அறையின் அடியில் அகலமான வளைவு வாய். பொலிவினா பக்கவாட்டில் தட்டையானது, வாய் ஒடுங்கிய கீற்று. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் கணக்கில் மேலே வாழ்ந்தவன் கீழே குடியேறிவிடுவான், அப்புறம் முடிவு முழுவதும் தலைகீழ்.

கையில் பழைய பாறை இல்லையா? கடற்கரை மணலிலும் கழிமுகச் சேற்றிலும் இன்றைய அடிவாசிகள் கிடைப்பார்கள், அதில் கண்ணைப் பழக்குங்கள். மிதவைகளுக்கு மைக்ரோடாக்ஸ் என்ற இலவச இணையத்தளம் இருக்கிறது, ஒவ்வொரு இனத்துக்கும் படங்களும் அது வாழ்ந்த கால எல்லையும் போட்டிருப்பார்கள். நான் இன்றும் அதைத் திறக்காமல் ஒரு நாள் வேலை செய்வதில்லை.

எந்த இடத்துச் சேறு?

எல்லை முழுதாக, இடையில் அரிக்கப்படாமல் இருக்கும் இடங்கள் உலகில் குறைவு. இத்தாலியின் கூபியோ, ஸ்பெயினின் கரவாக்கா, டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளின்ட், துனீசியாவின் எல் கெஃப் ஆகியவை நிலத்தில் உள்ள பிரபலமானவை. இந்த எல்லைக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட மாதிரி இடம் எல் கெஃப்தான். கடலில் துளையிட்டு எடுத்த மண்தண்டுகளும் உண்டு. 1997இல் ஃபுளோரிடாவுக்குக் கிழக்கே பிளேக் நோஸ் பகுதியில் எடுத்த 1049ஆம் துளைத் தண்டில், விண்கல் மோதியதில் கண்ணாடி மணிகளாகத் தெறித்து விழுந்த உருகிய பாறைத் துளிகளின் அடுக்கை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், மணிகள் இப்போது பச்சைக் களிமண்ணாக மாறிப்போயிருக்கின்றன.

கூபியோவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1960களின் தொடக்கத்தில் இசபெல்லா பிரெமோலி சில்வாவும் ஹான்ஸ் லூட்டர்பாக்கரும் அங்கே சுண்ணாம்புப் பாறைகளில் ஃபோராம்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லைக்குக் கீழே உள்ள பாறையில் கைலென்ஸிலேயே தெரியும் பெரிய, அலங்காரமான ஓடுகள். மேலே உள்ள பாறையில் பொடிப்பொடியாகச் சில. நடுவே சுமார் 1 சென்டிமீட்டர் களிமண், அதில் சுண்ணாம்பே இல்லை. பின்னால் வால்டர் ஆல்வாரெஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இந்தக் களிமண் படிய எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று கேட்க, அதை அளக்கப் போன இடத்தில்தான் இரிடியம் மாட்டியது, பூமியின் மேலோட்டில் அரிதான, விண்கற்களில் அதிகம் உள்ள உலோகம். கூபியோவில் சாதாரண அளவைவிட சுமார் 30 மடங்கு. விண்கல் மோதியது என்ற முடிவு 1980இல் வெளியானது. ஃபோராம்கள் முதலில் அந்த ஒரு சென்டிமீட்டரைக் காட்டியிருக்காவிட்டால் எங்கே தோண்டுவது என்றே தெரிந்திருக்காது.

புதியவர்களுக்கு என் ஆலோசனை: முதல் முறையே சொந்தப் பாறை தேடிப் போகாதீர்கள். கடலடித் துளைத் திட்டங்களின் அறிக்கைகளும் எண்ணிக்கை அட்டவணைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு இனத்துக்கும் மிதவையா அடிவாசியா என்று எழுதி, ஆழத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். அதைச் செய்து முடித்தவருக்குச் சொந்த மாதிரி எடுக்கும்போது எதை எடுக்க வேண்டும் என்று தானே தெரியும்.

மாதிரி எடுப்பது

ஆழ்கடல் சுண்ணாம்புச் சேறு ஆயிரம் ஆண்டுக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர்தான் படியும். ஆக, 1 சென்டிமீட்டர் தடிமனில் நீங்கள் எடுக்கும் துண்டில் 500 முதல் 1,000 ஆண்டு வரை நசுங்கிக் கிடக்கிறது. விண்கல் விழுந்த அன்று என்ன ஆனது என்று அதில் தேட முடியாது. எல்லைக்கு மேலும் கீழும் 20 சென்டிமீட்டருக்கு விடாமல் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக எடுங்கள், அதற்கு அப்பால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். வெளிப்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளே இருந்து எடுக்க வேண்டும். பையில் எண்ணோடு எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள்.

வளைகளைப் பாருங்கள். புழுக்களும் நண்டினங்களும் சேற்றைத் துளைத்து, மேல்மண்ணைக் கீழும் கீழ்மண்ணை மேலும் கொண்டுபோகும். பல இடங்களில் எல்லைக்கு மேலே உள்ள கருமையான களிமண் கீழே வெள்ளைச் சுண்ணாம்பில் விரல் விரலாக இறங்கியிருப்பதைக் காணலாம். அந்த விரலில் ஒரு துணுக்கு உங்கள் மாதிரியில் விழுந்தாலும் போதும், பேரழிவுக்குப் பின் தோன்றிய இனம் முன்னாலேயே இருந்ததாகக் கணக்கு வரும். எனக்கு இதன் தலைகீழ் நடந்தது. எல்லைக்கு 4 சென்டிமீட்டர் மேலே குளோபோட்ரங்கானா என்ற கிரெட்டேசியஸ் மிதவை, அழகான ஓடு ஒன்று, இரட்டை விளிம்போடு, ஒரு கீறல் இல்லாமல். ஒரு நாள் முழுக்கத் தப்பிப் பிழைத்த ஒருவனைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். மறுநாள் மாதிரியின் மீதித் துண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நெடுக ஒரு வளை.

கழுவுவது, சலிப்பது

மாதிரியை மிதமான சூட்டில் காயவைத்து, எடை எழுதி, நீரில் ஊறப்போடுங்கள். இளகவில்லை என்றால் கொஞ்சம் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு. பிறகு சல்லடையில் மெதுவான நீர் ஓட்டத்தில் கழுவி, மிஞ்சியதைக் காயவைத்தால் ஓடுகள் தனியாக நிற்கும். கேட்க எளிது. இதில் இரண்டு விஷயங்கள்தான் பேசத் தகுந்தவை.

ஒன்று, முந்தைய மாதிரியின் ஓடு சல்லடைக் கண்ணில் சிக்கியிருந்து அடுத்த மாதிரியில் விழுவது. பேரழிவு எல்லையில் இது கொலைக்குற்றம். பழைய ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் சல்லடையை மெத்திலின் நீலக் கரைசலில் முக்கி எடுப்பது. சிக்கிக் கிடக்கும் ஓடுகள் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓட்டைப் பார்த்தால் அவன் வந்தேறி, எண்ணாதீர்கள்.

இரண்டாவது இன்னும் பெரியது, சல்லடைக் கண்ணின் அளவு. கிரெட்டேசியஸின் கடைசி மிதவைகளில் பல பெரியவை, 150 மைக்ரான் சல்லடையில் தாராளமாக நிற்கும். எல்லைக்கு மேலே வருபவை பெரும்பாலும் 150 மைக்ரானுக்கும் சிறியவை. 150 சல்லடையை மட்டும் பயன்படுத்தினால் அவ்வளவும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும், நீங்கள் எல்லைக்கு மேலே கடல் காலியாக இருந்தது என்று எழுதுவீர்கள். அந்தப் பேரழிவைச் செய்தது உங்கள் சல்லடை. 63 மைக்ரான் குறைந்தபட்சம், எல்லைக்குப் பக்கத்தில் 38. யாருடைய அட்டவணையைப் படித்தாலும் சல்லடை அளவை முதலில் தேடுங்கள், வேறு வேறு அளவில் எண்ணிய இரண்டு அட்டவணைகளை ஒரே படத்தில் போடாதீர்கள்.

பொறுக்கி எண்ணுவது

கட்டம் போட்ட கருப்புத் தட்டில் பரப்பி, 000 எண் தூரிகையின் ஈர நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்லைடில் ஒட்டுங்கள். கண்ணுக்கு அழகானதைப் பொறுக்காதீர்கள். மாதிரியைச் சமமாகப் பிரித்து, எடுத்த பங்கில் உள்ள எல்லாவற்றையும், உடைந்தது உட்பட, எண்ண வேண்டும். வழக்கமான எண்ணிக்கை 300. ஏன் 300 என்றால், நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும் இனம் 300 ஓடுகளில் ஒரு முறைகூடத் தென்படாமல் போக 5 சதவீத வாய்ப்புதான். 100 மட்டும் எண்ணினால் அந்த வாய்ப்பு 37 சதவீதம்.

அடிவாசிகளைத் தனியாக எண்ணுங்கள். ஆழ்கடல் மாதிரியில் 300 ஓடுகளில் பத்து அடிவாசிகள்கூடத் தேறாமல் போகலாம், பத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அடிவாசிகளுக்கு மட்டும் 300 சேரும்வரை அதிகச் சேறு கழுவ வேண்டியதுதான். சலிப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

என்ன தெரியும்

எல்லைக்குக் கீழே மிதவைகளின் திருவிழா. குளோபோட்ரங்கானா, திராட்சைக் குலையைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற ரேசெமிகூம்பெலினா, பின்னல் போட்ட ஹெட்டிரோஹெலிக்ஸ், பல அளவு, பல வடிவம். எல்லையில் ஓடுகள் திடீரென்று குறையும், களிமண் கூடும், இரிடியமும் இங்கேதான். மேலே வந்ததும் கூம்பெலிட்ரியா: மூன்று வரிசை அறைகள் கொண்ட பொடி உருவம், கிரெட்டேசியஸிலேயே இருந்தது, ஆனால் அப்போது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ஓரத்து ஆள். இப்போது மாதிரி முழுக்க அதுவே. அதன் பிறகு பார்வுலாருகோகுளோபிஜெரினா யூகுபினா என்ற புது இனம், வாயில் நுழையாத பெயர், பெயரின் பின்பாதி கூபியோவைக் குறிப்பது. மிதவை ஃபோராம் இனங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த எல்லையைத் தாண்டவில்லை. காக்கோலித்துகளிலும் கிட்டத்தட்ட அதே கதை.

அதே ஸ்லைடில் அடிவாசிகளைப் பாருங்கள். கீழே இருந்த முகங்களில் பெரும்பாலானவை மேலேயும் இருக்கும். இன அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழப்பு. அதற்காக அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இனப்பட்டியல் அப்படியே இருந்தாலும் யார் அதிகம், யார் குறைவு என்பது புரண்டிருக்கும். சேற்றின் மேல் வாழ்பவை தட்டையாக, ஒருபுறம் சமமாக இருக்கும். உள்ளே புதைந்து வாழ்பவை நீண்டோ கூம்பியோ இருக்கும். மேலிருந்து விழும் உணவு குறைந்தால் பொதுவாகப் புதைந்து வாழ்பவை குறையும், ஏனென்றால் மேல்தட்டிலேயே எல்லாம் தின்று தீர்ந்துவிடும். பல இடங்களில் எல்லைக்கு மேலே அப்படித்தான் நடக்கிறது, ஆனால் பசிபிக்கின் சில துளைகளில் நேர்மாறான அறிகுறிகள் இருக்கின்றன. எனவே ஒரு இடத்தை வைத்து உலகக் கடல் பட்டினி கிடந்தது என்று எழுத வேண்டாம்.

ஏமாறும் இடங்கள்

ஒரு இனத்தின் கடைசி ஓடு கிடைத்த அடுக்கு, அந்த இனம் செத்த அடுக்கு கிடையாது. அரிதான இனம் என்றால் கடைசியாகக் கிடைத்தது உண்மையான முடிவுக்கு வெகு கீழே இருக்கும். இதனால் ஒரே நாளில் நடந்த அழிவும் படிப்படியாக நடந்தது போலத் தெரியும். 1982இல் சிக்னரும் லிப்ஸும் எழுதியதால் அவர்கள் பெயரிலேயே சிக்னர்–லிப்ஸ் விளைவு என்கிறார்கள். எல் கெஃப்பில் இது ஃபோராம் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டையாகவே ஆனது. யான் ஸ்மிட் திடீர் அழிவு என்றார், கெர்டா கெல்லர் படிப்படியாக என்றார். கடைசியில் எந்த ஆழம் என்று சொல்லாமல் மாதிரிகளை நான்கு நிபுணர்களிடம் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். முடிவு 1997இல் வந்தது, இரண்டு தரப்பும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். எனக்கு ஸ்மிட் பக்கம்தான் சாய்வு, அரிதான இனங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எல்லையில் விழும் வெட்டு தெளிவாக இருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறு, செத்தவை மேலே அள்ளி வரப்படுவது. எல்லைக்கு மேலே கிரெட்டேசியஸ் ஓடு கிடைத்தால் உடனே பிழைத்தவன் என்று கொண்டாடாமல், ஓட்டின் நிறமும் பாதுகாப்பும் கூட இருப்பவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வசதி இருந்தால் அந்த ஓட்டின் கார்பன் ஐசோடோப்பை (கனமான கார்பனுக்கும் இலேசான கார்பனுக்கும் உள்ள விகிதத்தை) அளக்கலாம், எல்லைக்குப் பிந்தைய கடல்நீரின் மதிப்பு அதில் இருந்தால் அவன் உண்மையிலேயே அங்கே வாழ்ந்தவன்.

கரைவதையும் மறக்காதீர்கள். மிதவைகளின் மெல்லிய ஓடு அடிவாசிகளின் ஓட்டைவிட எளிதில் கரையும். மிதவைகள் குறைந்து உடைசல்கள் கூடியிருந்தால் அங்கே அழிவைவிடக் கரைதல் அதிகம் என்று சந்தேகப்பட வேண்டும்.

அடிவாசிகள் ஏன் தப்பித்தார்கள்?

வழக்கமாக மிதவை ஓட்டில் கனமான கார்பன் கொஞ்சம் கூடுதலாகவும் அடிவாசி ஓட்டில் குறைவாகவும் இருக்கும், மேலே ஒளிச்சேர்க்கை இலேசான கார்பனை இழுத்துக்கொண்டு கீழே அனுப்புவதால். எல்லைக்கு மேலே இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. இதைப் பார்த்து 1980களில் கடலின் மேல்பரப்பே செத்துக் கிடந்தது என்றார்கள். அப்படியானால் கீழே விழும் எச்சிலை நம்பி வாழ்ந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? லயா அலெக்ரெட், எல்லன் தாமஸ் ஆகியோர் அடிவாசிகளை எண்ணித்தான் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். ஓடில்லாத பாசிகளும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே வேலையைத் தொடங்கிவிட்டன, உணவு முழுதாக நிற்கவில்லை என்பதுதான் இப்போது வலுவான பக்கம். மோதல் நடந்த, மெக்சிகோவில் உள்ள சிக்‌ஷுலுப் பள்ளத்துக்குள்ளேயே சில ஆண்டுகளில் உயிர்கள் திரும்பிவிட்டதை 2016இல் அங்கே எடுத்த மண்தண்டு காட்டியது. மோதலுக்குப் பின் மேல்நீர் வேகமாக அமிலமானதற்கு நெதர்லாந்தின் கெயுல்ஹெமர்பெர்க் குகையில் கிடைத்த ஃபோராம்களின் போரான் ஐசோடோப்பு விகிதம் சாட்சி. அடி வேகமாக வந்ததால் மேலே இருந்தவர்களை அடித்துவிட்டது, மெதுவாகப் புரளும் ஆழ்நீர் வரை அதே வலுவோடு இறங்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தப் புரிதலைச் சோதிக்க, தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் எடுத்த 1262ஆம் துளையின் அட்டவணைகளைத் திறந்து, விண்கல் எல்லைக்கு மேலே நூறு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் 5.6 கோடி ஆண்டு அடுக்கைப் பாருங்கள். அங்கே மோதல் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கார்பன் கசிந்து, உலகம் 5 டிகிரி அளவுக்குச் சூடாகி, அந்தச் சூடும் அமிலமும் ஆழம் வரை இறங்கிய காலம். வெள்ளைச் சேற்றின் நடுவே செம்பழுப்புக் களிமண். இந்த முறை மிதவைகள் பெரும்பாலும் தப்பிவிட்டன, ஆழ்கடல் அடிவாசி இனங்களில் 30 முதல் 50 சதவீதம் போய்விட்டன. இரண்டு பெயர்களை மட்டும் முதலில் தேடுங்கள்: ஸ்டென்சியோய்னா பெக்காரிஃபார்மிஸ், நட்டாலிடெஸ் ட்ரூம்ப்யி. விண்கல்லை இரண்டுமே தாண்டின. களிமண்ணுக்கு மேலே ஒன்றுதான் இருக்கும்.